கால்வாய் வழியே பாங்காக்

புதன், பிரதுநாம்

பாங்காக் போகிறோம் என்று சொன்னதும் சொந்தக்காரர்கள் கேட்ட முதல் கேள்வி, "பட்டாயாவில் எத்தனை நாள்?" நம்மூர் சுற்றுலாக் குழுக்கள் போடும் திட்டம் அப்படித்தான் இருக்கிறது. பட்டாயாவில் கடற்கரை, பாங்காக்கில் ஒரு புத்தர் கோயில், ஒரு சஃபாரி, துணிக்கடை, அப்புறம் விமானம். அக்காவும் நானும் அதையெல்லாம் விட்டுவிட்டு, கிடைத்த விடுமுறை முழுவதையும் இந்த ஒரு நகரத்துக்கே வைத்துக்கொண்டோம். ஆறும் கால்வாயும்தான் இந்த ஊரின் பழைய தெருக்கள். அவற்றின் வழியாகவே ஊரைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. காரில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் மேம்பாலமும் மாலும் நெரிசலும்தான் கண்ணில் படும்.

கிளம்பப் போகிறவர்களுக்கு முதலில் ஒரு தகவல். இந்தியர்களை விசா இல்லாமல் அனுமதிக்க 2023 நவம்பரில் தொடங்கினார்கள். 2025 மே முதல் வெளிநாட்டவர் எல்லோரும் இணையத்தில் வருகை அட்டை ஒன்றை நிரப்ப வேண்டும், அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது போலி. விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், டிக்கெட் போடுவதற்கு முன் அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சென்னையிலிருந்து மூன்றரை மணி நேரம். நம் நேரத்தைவிட ஒன்றரை மணி முன்னால் ஓடுகிறது அவர்கள் கடிகாரம். சுவர்ணபூமி விமான நிலையத்தின் அடித்தளத்திலேயே ரயில் இருக்கிறது. அரை மணியில் பாயா தாய் நிலையத்தில் இறங்கினோம். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் விடுதி.

குளித்துவிட்டு நேராகப் போனது சேன் சேப் கால்வாய்க்கு. மூன்றாம் ராமர் என்ற தாய்லாந்து மன்னர் காலத்தில், 1837 முதல் 1840 வரை வெட்டிய கால்வாய் இது. வியட்நாமோடு நடந்த போருக்குப் படையையும் தளவாடங்களையும் கிழக்கே கொண்டுபோக வெட்டினார்கள். இன்று அதில் அலுவலகம் போகிறவர்கள் போகிறார்கள். படகு துறையில் சில நொடிகள்தான் நிற்கும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு தாவி ஏற வேண்டும். டிக்கெட் கொடுப்பவர் தலைக்கவசம் போட்டுக்கொண்டு, படகின் வெளி விளிம்பில் ஒட்டி நடந்தபடியே காசு வாங்குகிறார். தாழ்வான பாலம் வந்தால் கூரையே கீழே இறங்குகிறது. தண்ணீர் தெறிக்காமலிருக்க ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் கயிற்றை இழுத்துத் தார்ப்பாயைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். அந்த வேலை எனக்கு வந்தது, சந்தோஷமாகச் செய்தேன். தண்ணீர் கறுப்பு, நாற்றமும் உண்டுதான். ஆனால் மேலே சாலையில் வண்டிகள் அசையாமல் நிற்கும்போது, கீழே நாங்கள் பறந்துகொண்டிருந்தோம். இருபுறமும் வீடுகளின் பின்பக்கம். கொடியில் துணி, தொட்டியில் துளசி போன்ற ஒரு செடி, வாசற்படியில் உட்கார்ந்து மீன் ஆயும் பாட்டி. ஊர் தன் முகத்தைக் கழுவித் துடைத்து வைக்காத பக்கம் இது. எனக்கு இதுதான் பிடித்திருந்தது.

திரும்பி வரும்போது மாலை ஆறு மணி. ரயில் நிலையத்தின் ஒலிபெருக்கியில் தேசிய கீதம் வந்தது. படியில் ஏறிக்கொண்டிருந்தவர்கள், செல்பேசியில் பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அப்படியே நின்றார்கள். தினமும் காலை எட்டுக்கும் மாலை ஆறுக்கும் இப்படித்தான். நீங்களும் நில்லுங்கள்.

வியாழன், ஆற்றின் இரு கரைகள்

மேம்பால ரயிலில் சபான் தக்சின் நிலையம் வரை போய், அதன் அடியிலேயே இருக்கும் சாத்தோர்ன் துறையில் படகு பிடித்தோம். ஆரஞ்சுக் கொடி கட்டிய படகு உள்ளூர்க்காரர்களுக்கானது, நாங்கள் போனபோது கட்டணம் பதினாறு பாட் (தாய்லாந்து நாணயம்). சுற்றுலாப் பயணிகளுக்கென்று நீலக் கொடிப் படகு தனியாக ஓடுகிறது. அதில் விலை அதிகம். ஆறு என்னவோ ஒன்றுதான்.

அந்த ஆற்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சாவ் பிரயா இந்த இடத்தில் ஒரு காலத்தில் மேற்கே பெரிய வளைவு போட்டு ஓடியது. அயுத்தயா என்ற பழைய தலைநகருக்குப் போகும் கப்பல்கள் அந்த வளைவைச் சுற்றி வரவேண்டியிருந்தது. 16ஆம் நூற்றாண்டில் சாய்ராசா என்ற மன்னர் குறுக்கே ஒரு கால்வாய் வெட்டச் சொன்னார். ஆறு அந்தக் குறுக்கு வழியிலேயே பாயத் தொடங்கி, கரையை அரித்து அரித்து அகலமாக்கிவிட்டது. பழைய ஆறு சிறுத்துப்போய்க் கால்வாயாகிவிட்டது. அரண்மனையும் அருண் கோயிலும் எதிரெதிரே நிற்கும் அந்தப் பெரிய நீர்ப்பரப்பு மனிதர் வெட்டியது என்று தெரிந்தபின், படகில் உட்கார்ந்து கரையைப் பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது.

அரண்மனைக்குக் காலை எட்டரைக்கே போய்விடுவது நல்லது. நுழைவு 500 பாட். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், சேலையோ சுடிதாரோ போதும். வழியில் யாராவது சிரித்த முகத்தோடு வந்து, "இன்று அரண்மனை மூடல், வேறு கோயிலுக்கு மலிவாகக் கூட்டிப் போகிறேன்" என்றால் நம்பாதீர்கள். வாசல் வரை போய் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அரண்மனை வளாகத்துக் கோயிலில் இருக்கும் மரகத புத்தர் 66 சென்டிமீட்டர் உயரம்தான். மிக உயரமான பீடத்தில், எட்டாத தூரத்தில் இருக்கிறார். வெயில், மழை, குளிர் என்று மூன்று காலத்துக்கு மூன்று அலங்காரம். மாற்றுவது மன்னரின் பொறுப்பு. நாங்கள் போனது கார்த்திகைக் கடைசி என்பதால் குளிர்கால அலங்காரம், தங்கத்தில் கோத்த வலைப் போர்வை.

ஆனால் எங்களை அங்கே பிடித்து நிறுத்தியது சுற்றுப் பிராகாரச் சுவர். 178 பகுதிகளாக ராமாயணம் முழுவதும் ஓவியமாக இருக்கிறது. ஜனகர் உழும்போது சீதையைக் கண்டெடுப்பதில் தொடங்கி, சுவர் முடியும் வரை கதை ஓடுகிறது. இது தாய்லாந்தின் ராமாயணம், ராமகியன். இதில் சீதை ராவணனின் மகள். அனுமன் வெள்ளைக் குரங்கு, பிரம்மச்சாரி அல்ல. சேது கட்டும்போது கல்லைக் கல்லாக எடுத்துக்கொண்டு போகிறாள் ராவணனின் இன்னொரு மகளான மச்சகன்னி. அனுமன் அவளைத் துரத்திப் பிடிக்கப் போய்க் காதலில் விழுகிறான். வருஷக் கணக்காகக் கம்பராமாயணச் சொற்பொழிவு கேட்டு வளர்ந்த அக்கா அந்த மச்சகன்னி ஓவியத்தின் முன் வெகுநேரம் நின்றாள்.

"நம்ம அனுமாரா இது?"

"இவங்க அனுமார், அக்கா."

"அழகாத்தான்டி இருக்கார்" என்றாள். எனக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்திருந்தது. கதை ஒரு ஊருக்குப் போய்க் குடியேறினால் அந்த ஊர் ஆளாகத்தானே வாழ வேண்டும்.

ஈரம் ஏறி ஏறி இந்த ஓவியங்கள் உதிர்ந்துகொண்டே இருக்குமாம். திரும்பத் திரும்பத் தீட்டியிருக்கிறார்கள். நாங்கள் போன அன்றும் ஒரு மூலையில் சாரம் கட்டி, ஒரு பெண் மெல்லிய தூரிகையால் தங்கக் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். கூட்டம் அவரைக் கவனிக்காமல் புத்தரைப் பார்க்க ஓடியது.

பக்கத்திலேயே வாட் போ. வாட் என்றால் கோயில். சயன புத்தர் 46 மீட்டர் நீளம், 15 மீட்டர் உயரம். கட்டடத்துக்குள் அவர் முழு உருவத்தை ஒரே பார்வையில் பார்க்கவே முடியாது. பாதங்களில் முத்துச்சிப்பி பதித்த 108 மங்கலச் சின்னங்கள். சுவரோரமாக 108 வெண்கலக் கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு காசு போட்டுக்கொண்டே நடக்க வேண்டும். அந்தக் கிண்கிணி ஓசை மண்டபம் முழுக்க நிரம்பியிருக்கிறது. வெளியே தோட்டத்தில் ஆசனம் போடும் முனிவர் சிலைகளைத் தவறவிடாதீர்கள். மூன்றாம் ராமர் காலத்தில் மருத்துவம், உடற்பிடிப்பு, இலக்கியம் எல்லாவற்றையும் கல்லில் வெட்டி இங்கே பதித்து வைத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள். படிக்கத் தெரிந்த யாரும் வந்து படித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம். இந்தக் கோயிலின் மசாஜ் பள்ளி இன்றும் நடக்கிறது, அக்காவின் முழங்கால் அங்கே ஒரு மணி நேரம் நிம்மதியடைந்தது.

சாப்பாடு பற்றிக் கேட்பீர்கள். அக்கா முட்டைகூடச் சாப்பிட மாட்டாள். மஞ்சள் நிறத்தில் சிவப்பு எழுத்துப் போட்ட சிறு கொடியோ பலகையோ தொங்கும் கடையைத் தேடுங்கள். அந்த எழுத்து பார்க்க நம் 17 என்ற எண்போல இருக்கும். சீனப் புத்த வழக்கப்படியான சுத்த சைவம், வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது. மற்றக் கடைகளில் காய்கறி என்று கொடுப்பதிலும் மீன் சாறு விழுந்திருக்கும். மாம்பழமும் தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டரிசியும் எங்கேயும் கிடைக்கும், பயமில்லை.

மாலையில் ஐந்து பாட் கொடுத்து அக்கரைக்குப் போனோம். அருண் கோயிலின் கோபுரம் முழுக்கச் சீனப் பீங்கான் துண்டுகள். சீனாவிலிருந்து வந்த கப்பல்கள் பாரத்துக்காக அடித்தட்டில் போட்டுக் கொண்டுவந்த பீங்கான் அது. உடைந்த தட்டும் கிண்ணமும் பூவாகவும் இதழாகவும் மேலே ஏறியிருக்கின்றன. வாடகைக்குத் தாய்லாந்துப் பட்டு உடுத்திப் படம் எடுத்துக்கொள்ளும் கூட்டம் அதிகம். கொஞ்சம் பொறுமை வேண்டும்.

வெள்ளி, சீலோம்

வெள்ளிக்கிழமை என்பதால் அக்கா விடிந்ததுமே "மாரியம்மன்" என்றாள். சீலோம் சாலையும் பான் தெருவும் சேரும் முனையில், வங்கிக் கட்டடங்களுக்கும் உணவுக் கடைகளுக்கும் நடுவே நம்மூர்க் கோபுரம் வண்ணவண்ணச் சுதைச் சிற்பங்களோடு நிற்கிறது. 1879இல் வைத்தி படையாட்சி என்ற தமிழர் கட்டியது. தாய்லாந்து மக்கள் இந்த அம்மனை உமாதேவி என்று கும்பிடுகிறார்கள்.

உள்ளே கும்பிட வந்திருந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேராவது தாய்லாந்துக்காரர்கள். கல்லூரிப் பிள்ளைகள், அலுவலக அட்டை கழுத்தில் தொங்கும் பெண்கள், பள்ளிச் சீருடையில் ஒரு பையனும் அவன் அம்மாவும். வாசலில் சாமந்தி மாலை, தேங்காய், வாழைப்பழம் வைத்த தட்டு வாங்குகிறார்கள். செருப்பைக் கழற்றி, தரையில் மண்டியிட்டு, கைகளை நெற்றிவரை உயர்த்திக் கும்பிடுகிறார்கள். குருக்கள் தீபாராதனை காட்டினால் கண்ணில் ஒற்றிக்கொண்டு குங்குமம் வைத்துக்கொள்கிறார்கள். பிள்ளையார், முருகன், நவக்கிரகம் என்று வரிசை தவறாமல் சுற்றுகிறார்கள். எந்தச் சன்னதியில் என்ன வேண்டுவது என்று ஒரு பெண் தன் தோழிக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர்களுக்கு இது வெளிநாட்டுக் கோயிலாகத் தெரியவில்லை, அவர்களுடைய கோயில்தான். வேடிக்கை பார்க்க வந்த முகம் அங்கே மிகக் குறைவு. உள்ளே படம் எடுக்கக் கூடாது, அது நல்லதற்குத்தான்.

நவராத்திரிதான் இங்கே பெரிய விழா. விஜயதசமி அன்று சீலோம் சாலையையே மூடிவிட்டு அம்மன் ஊர்வலம். வழிநெடுகச் சாமந்திப்பூவும் விளக்குமாகத் தாய்லாந்து மக்கள் தாங்களே மேடை போட்டு அம்மனுக்குக் காத்திருப்பார்கள். கடன் வாங்கியாவது ஒருமுறை அந்த நாளில் வர வேண்டும் என்று அக்கா அங்கேயே நின்று முடிவு செய்துவிட்டாள்.

மதியம் அதே தெருவில் இட்லி சாம்பார். ஒரு நாளாவது நம் சாப்பாடு வேண்டும் என்பவர்கள் இந்தப் பகுதிக்கு வரலாம்.

மாலை எரவான் பிரம்மா. ராச்சபிரசோங் சந்திப்பில், மேம்பால ரயிலின் நிழலில், மால்களுக்கு நடுவே நான்முகன் உட்கார்ந்திருக்கிறார். எரவான் ஹோட்டல் கட்டும்போது விபத்துகள் தொடர்ந்ததால், சோதிடர் சொன்னபடி 1956இல் வைத்தார்களாம். நம் நாட்டில் பிரம்மாவுக்குத் தனியாகக் கோயில் வைத்துக் கும்பிடுவது அரிது. இங்கே நாலு முகத்துக்கும் சுற்றிச் சுற்றி வந்து மாலை சாத்துகிறார்கள், மரத்தில் செய்த யானை வைக்கிறார்கள், வேண்டுதல் நிறைவேறினால் பணம் கட்டி நடனம் ஆட வைக்கிறார்கள். 2015 ஆகஸ்டில் இங்கே குண்டு வெடித்து 20 பேர் இறந்தார்கள். சில நாட்களிலேயே மக்கள் பூவோடு திரும்பி வந்துவிட்டார்கள். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற ஒரு பெண் நடைபாதையில் நின்று, கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே கும்பிட்டுவிட்டு ரயிலுக்குப் போனதைப் பார்த்தேன்.

எல்லாக் கட்டடத்தின் மூலையிலும் ஒரு சின்ன ஆவி வீடு, தூண் மேல் வைத்தது. நிலத்துக்குச் சொந்தமான தேவதைக்கு. முன்னால் ஊதுபத்தி, பழம், உறிஞ்சுகுழல் போட்ட சிவப்பு ஃபான்டா. வங்கி வாசலிலும் இருக்கிறது, பெட்ரோல் பங்கிலும் இருக்கிறது.

மால்கள் பெரியவை, குளிர்ச்சியானவை. அவ்வளவுதான்.

சனி, ஊஞ்சலும் மலையும்

இந்தப் பயணத்தில் நான் பார்த்தே ஆகவேண்டும் என்று வந்த இடம் இன்றுதான்.

சாம் யோட் நிலையத்தில் இறங்கி பம்ருங் முவாங் சாலையில் நடந்தால் இருபுறமும் புத்தர் சிலைக் கடைகள். ஆள் உயரத்துக்கு மேல் பொன்னிறச் சிலைகள் கண்ணாடித்தாள் சுற்றி நடைபாதையில் வரிசையாக நிற்கின்றன. அப்படியே நடந்தால் சாலை நடுவில் இரண்டு பிரமாண்டமான செந்நிறத் தேக்குத் தூண்கள், மேலே செதுக்கு வேலை செய்த குறுக்கு விட்டம். சுமார் 21 மீட்டர் உயரம். இதுதான் பெரிய ஊஞ்சல். முதலாம் ராமர் 1782இல் பாங்காக்கைத் தலைநகராக்கினார். இரண்டே வருஷத்தில், 1784இல் ஊஞ்சலும் அதன் பக்கத்தில் பிராமணர் கோயிலும் வந்துவிட்டன. இப்போது நிற்கும் மரங்கள் 2007இல் மாற்றியவை. வடக்கே பிரே மாகாணத்திலிருந்து ஆறு பெரிய தேக்குகளை வெட்டிக் கொண்டுவந்தார்கள்.

ஊஞ்சல் எதற்கு? வருஷத்துக்கு ஒருமுறை, நம் மார்கழி, தையை ஒட்டி, சிவபெருமான் பூமிக்கு இறங்கி வருகிறார் என்பது அவர்கள் நம்பிக்கை. அவரை வரவேற்க ஊஞ்சலாட்டம். நால்வர் பலகையில் நின்று வானத்துக்கு எழும்பி, கம்பத்தில் கட்டியிருக்கும் காசுப் பையைப் பல்லால் கவ்வ வேண்டும். அரசு அதிகாரி ஒருவர் சிவனாக உட்கார்ந்து பார்ப்பார். சிவன் திரும்பிய பின் திருமால் வருவார். ஆட்டம் 1935க்குப் பிறகு நின்றுவிட்டது. விழா நிற்கவில்லை. பிராமணர் கோயிலுக்குள் ஒவ்வொரு வருஷமும் இரவு நேரச் சடங்காக இன்றும் நடக்கிறது.

அந்த விழாவின் பெயர் திரியம்பாவாய், திரிபாவாய். திருவெம்பாவையும் திருப்பாவையும்தான். மாணிக்கவாசகரும் ஆண்டாளும் இங்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள். தேவாரப் பாடல்களும் உண்டு. சடங்கில் அவற்றை மந்திரமாக ஓதுகிறார்கள். தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து, தாய்லாந்தின் தெற்கே நக்கோன் சி தம்மராட் போன்ற ஊர்களில் குடியேறி, பிறகு அரசவைக்கு வந்த பிராமணர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். தமிழ் பேச்சு என்றைக்கோ போய்விட்டது. பொருள் தெரியாது. உச்சரிப்பும் தாய்லாந்து நாக்கில் உருண்டு உருண்டு, நாம் கேட்டால் உடனே பிடிபடாத அளவு மாறிவிட்டது. ஆனாலும் விடவில்லை. அப்பா மகனுக்குச் சொல்லிக்கொடுத்து, அவன் தன் மகனுக்குச் சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறார்கள். பொருள் புரிந்த நாம் எத்தனை பேர் மார்கழியில் திருவெம்பாவையின் இருபது பாட்டையும் சொல்கிறோம் என்று நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

மாணிக்கவாசகர் ஊசல் பாட்டும் பாடியிருக்கிறார், பெண்கள் பொன்னூஞ்சல் ஆடிக்கொண்டே சிவனைப் பாடுவதாக. இந்தத் தூண்களுக்குக் கீழே நின்று அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

பிராமணர் கோயிலுக்கு தேவஸ்தான் என்றே பெயர். ஊஞ்சலிலிருந்து ஒரு நிமிஷ நடை. வெள்ளைச் சுவர், ஆடம்பரம் ஒன்றும் இல்லாத மூன்று கட்டடங்கள், சிவன், பிள்ளையார், திருமால். தெருவோடு போகிறவர்கள் கவனிக்காமல் கடந்துவிடுவார்கள். மே மாதம் அரசு நடத்தும் ஏர் பூட்டும் விழாவையும், மன்னர் முடிசூட்டுச் சடங்குகளையும் செய்வது இந்தப் பிராமணர்கள்தான்.

வெள்ளை உடுத்தி, தலைமுடியைக் கொண்டையாக முடிந்த ஒரு பெரியவர் உள்ளே இருந்தார். செல்பேசி மொழிபெயர்ப்பில் நாங்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கிறோம் என்று காட்டியதும் கைகூப்பினார். அக்கா அவரிடம் சைகையால் அனுமதி கேட்டுக்கொண்டு, சிவன் முன் உட்கார்ந்து திருவெம்பாவையை மெல்லப் பாடத் தொடங்கினாள். பெரியவர் கேட்டுக்கொண்டே நின்றார். அவர் ஓதும் பாட்டுத்தான் இது என்று அவருக்குப் புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. முடிந்ததும் எங்கள் இருவர் கையிலும் தீர்த்தம் தெளித்தார்.

எதிரே வாட் சுதாட். உள்ளே இருக்கும் வெண்கலப் புத்தர் சுகோத்தாய் என்ற பழைய அரசின் காலத்தவர், எட்டு மீட்டர் உயரம். முதலாம் ராமர் அவரைத் தெப்பத்தில் ஏற்றி ஆற்றின் வழியாக இறக்கிக் கொண்டுவந்தார். அரண்மனைக் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இங்கே இல்லை. குளிர்ந்த தரையில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். எனக்கு இந்த ஊரில் மனம் நிலைத்த இடம் இது.

வெயில் தாழ்ந்ததும் தங்க மலை. பாங்காக்கில் இயற்கையான மலை கிடையாது, முழுக்க வண்டல் மண். மூன்றாம் ராமர் இங்கே பெரிய ஸ்தூபி ஒன்று எழுப்பப் பார்த்தார். மண் தாங்காமல் அது உள்ளேயே சரிந்து குவிந்தது. செங்கலும் சேறுமாகக் கிடந்த குவியலில் செடி முளைத்து மேடானது. பின்னால் வந்த அரசர்கள் அதைச் சீர்படுத்தி, உச்சியில் சிறியதாக ஒரு ஸ்தூபி வைத்தார்கள். சுற்றிச் சுற்றி 344 படிகள், வழியெல்லாம் மணிகள். கீழே வாட் சகேட் கோயில். 1820இல் காலரா வந்தபோது நகரத்தின் பிணங்கள் இங்கே குவிந்தன, எரித்து முடியாமல் கழுகுகளுக்கு விட்டார்கள். உச்சியில் நின்றால் பழைய நகரம் காலடியில், வானளாவிய கட்டடங்கள் தூரத்தில். அந்தச் சேற்றின் மேல்தான் அவ்வளவும் நிற்கின்றன. நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி நகரம் அமிழ்ந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்குச் சில அடி உயரத்தில் இருக்கும் ஊருக்கு இது சின்ன விஷயமில்லை.

ஞாயிறு, பூவும் தோன்புரியும்

விடியுமுன் பாக் க்லோங் பூச்சந்தை. இரவு பகல் மூடாத சந்தை, ஆனால் அதிகாலைதான் அழகு. மூட்டை மூட்டையாகச் சாமந்தி, ஐஸ் மேல் மல்லிகை மொட்டு, கட்டுக்கட்டாகத் தாமரை. தாமரை மொட்டின் இதழ்களை ஒவ்வொன்றாக உள்பக்கம் மடித்து வேறொரு பூவாகவே மாற்றிவிடுகிறார்கள். மதுரைக்காரிகளான எங்களுக்கு மல்லிகை புதிதல்ல. எங்களை அசர வைத்தது எருக்கம்பூ. நாம் விநாயகர் சதுர்த்தி அன்று மட்டும் தேடும் அந்தப் பூவின் நடுமொட்டைக் கிள்ளி, மணி மணியாகக் கோத்து, கல்யாண மாலை வரைக்கும் கட்டுகிறார்கள். தந்தத்தில் செதுக்கியதுபோல் இருக்கிறது. மாலை கட்டும் அம்மா ஒருவர் எங்கள் வியப்பைப் பார்த்துவிட்டு, நீள ஊசியை அக்கா கையில் கொடுத்தார். அக்கா இரண்டு வரிசை கோத்துக் காட்டினாள். அவர் சரிபார்த்து, தலையை ஆட்டி, அதை அப்படியே தன் மாலையில் சேர்த்துக்கொண்டார்.

பக்கத்தில் சைனா டவுன். வாட் திரைமித்தில் ஐந்தரை டன் பொன் புத்தர். பல காலம் சுண்ணாம்புச் சாந்து பூசிய சாதாரணச் சிலையாகக் கிடந்தார். 1955இல் இடம் மாற்றும்போது சாந்து பெயர்ந்து உள்ளே தங்கம் தெரிந்தது. பார்த்துவிட்டுப் படகுத்துறைக்குப் போனோம்.

பிற்பகல் முழுவதும் தோன்புரி. ஆற்றின் மேற்குக் கரை. 1767இல் அயுத்தயா அழிந்த பிறகு தக்சின் மன்னர் தலைநகராக்கிய பகுதி. கிழக்கே சாலை போட மூடிய கால்வாய்கள் எத்தனையோ. இங்கே அவை இன்னும் மிச்சமிருக்கின்றன. நீளவால் படகு ஒன்றைப் பேரம் பேசி வாடகைக்கு எடுத்தோம். விலையையும் நேரத்தையும் ஏறுவதற்கு முன்பே தெளிவாகப் பேசிவிடுங்கள். பழைய வண்டி என்ஜினை நீளத் தண்டோடு பொருத்தி ஓட்டுகிறார்கள், சத்தம் காதைப் பிளக்கும். படகின் முன்முனையில், அதைக் காக்கும் தேவதையான படகுத் தாய்க்கு வண்ணத் துணியும் மாலையும். படகோட்டி கிளம்புமுன் அதைத் தொட்டுக் கும்பிட்டார்.

ஆற்றிலிருந்து கால்வாய்க்குள் நுழையும் இடத்தில் மதகு. கதவு மூடி, இரண்டு பக்கமும் நீர்மட்டம் சமமாகும் வரை எல்லாப் படகும் காத்திருக்க வேண்டும். 2011இல் வெள்ளம் வந்து டோன் முவாங் விமான நிலையமே மூழ்கியது. இந்த மதகுகளைத் திறப்பதா மூடுவதா என்பது எந்தத் தெரு மூழ்கும் என்பதை முடிவு செய்யும் கேள்வி. ஆனால் படகோட்டிக்கு அது தினசரி வேலை. என்ஜினை நிறுத்திவிட்டுச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார்.

உள்ளே தூண்களின் மேல் மரவீடுகள். சில சாய்ந்து, சில புதுசாகப் பெயின்ட் அடித்து. வாசலில் தபால் பெட்டி தண்ணீரைப் பார்த்து நிற்கிறது. படியில் வெயில் காயும் பெரிய உடும்பு, எங்களைக் கண்டு அசையவே இல்லை. கோயில் துறைகளில் மீன் பிடிப்பதில்லை. பொரி போட்டால் கெளுத்தி மீன்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறித் தண்ணீரே கொதிப்பதாகத் தோன்றும். வாட் பாக்நாமின் 69 மீட்டர் புத்தர் வீட்டுக் கூரைகளுக்கு மேல் திடீரென்று எழுந்து நிற்கிறார். ஒரு சிறுவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் ஆட்டியபடி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். முதலாம் ராமர் பார்த்த ஊர் இப்படித்தான் இருந்திருக்கும். மிச்சமிருக்கும் இந்தக் கால்வாய்களையாவது மூடாமல் காப்பாற்ற வேண்டும், சுற்றுலாவுக்காக அல்ல, இந்த மண்ணில் மழைத்தண்ணீர் போக வேறு வழியே இல்லை.

திங்கள், சுவர்ணபூமி

விமான நிலையத்தில் பாற்கடல் கடையும் சிற்பம். ஒரு பக்கம் தேவர், மறுபக்கம் அசுரர், நடுவே வாசுகி, மலை உச்சியில் திருமால். அக்கா வாசுகியின் தலையிலிருந்து வால்வரை நடந்து பார்த்துவிட்டு வந்தாள்.

பலர் கேட்டிருந்ததால் இதையும் எழுதிவிடுகிறேன். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தாங்கலாம். தங்கும் இடத்தை மேம்பால ரயிலுக்கோ ஆற்றுக்கோ பக்கத்தில் பாருங்கள். பெரியவர்களைக் கூட்டிப் போனால் சேன் சேப் படகில் காலை, மாலை நெரிசல் நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள், ஏறி இறங்க நேரம் தரமாட்டார்கள். திருவெம்பாவைச் சடங்கு சந்திரமாதக் கணக்குப்படி வருவதால் தேதி வருஷத்துக்கு வருஷம் மாறும். ஜனவரியை ஒட்டிப் போகிறவர்கள் முதல் நாளே தேவஸ்தானுக்குப் போய், எந்த இரவு ஓதுகிறார்கள், வெளியார் உட்காரலாமா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். யாராவது கேட்டுவிட்டு வந்தால் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.